பெரிய குளியல் தொட்டிக்குக் குழாய் அளவு தீர்மானிக்கும் முறை

கேரள எல்லையில் உள்ள குமுளியிலும் தேக்கடிச் சாலையிலும் புதிதாகக் கட்டப்படும் விடுதிகளில் ஆறடி நீளத்தில், இருவர் அமரக்கூடிய பாத்டப் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. டப்பைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கொச்சி வரை போய் வரும் உரிமையாளர், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயை மட்டும் கை கழுவும் பேசினுக்குப் போட்ட அதே அரை இஞ்சிலேயே முடித்துவிடச் சொல்கிறார். டைல்ஸ் ஒட்டி, சுவர் பூசி, எல்லாம் முடிந்து முதல் விருந்தினர் வந்து திருகைத் திறந்த பிறகுதான், டப் நிரம்ப அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்பதும், நிரம்பி முடிவதற்குள் முதலில் விழுந்த வெந்நீர் ஆறிப்போகிறது என்பதும் தெரியவருகின்றன. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் மலையேறி வேலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்களை அப்போது கூப்பிட்டு, "அண்ணா, வெள்ளம் வருது, ஆனா ஃபோர்ஸ் இல்ல" என்பார்கள். (மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான். நாம் வெள்ளம் என்பதை அவர்கள் வெள்ளப்பொக்கம் என்பார்கள்.)

ஃபோர்ஸ் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று அழுத்தம், மற்றொன்று வரத்து, அதாவது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வந்து சேர்கிறது என்ற கணக்கு. ஷவரில் நின்று குளிப்பவருக்கு நீர் பீறிட்டு அடிக்க வேண்டும் என்பதால் அங்கே அழுத்தம் முக்கியம். டப்பில் நீர் எவ்வளவு மெதுவாக விழுந்தாலும் கவலையில்லை, குறித்த நேரத்துக்குள் போதுமான அளவு விழுந்தால் சரி. அங்கே வரத்துதான் முக்கியம். அழுத்தத்தைப் பம்ப் வாங்கி மாட்டிக் கூட்டிக்கொள்ளலாம். வரத்தைச் சுவருக்குள் புதைத்த குழாயின் உள்விட்டம் தீர்மானித்துவிடுவதால், அதைப் பிறகு கூட்ட வேண்டுமானால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே கணக்கை முன்கூட்டியே, அதுவும் டப்பிலிருந்து தொடங்கி மாடித் தொட்டியை நோக்கிப் பின்னோக்கிப் போட வேண்டும். குழப்பம் வராமல் இருக்க, குளியல் தொட்டியை டப் என்றும் மாடித் தொட்டியை டேங்க் என்றும் இனிக் குறிப்பிடுகிறேன்.

எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம்

சாதாரண ஐந்தடி டப் அதன் வழிவாய் (மிகுந்த நீர் வெளியேறும் துளை) மட்டம் வரை 150 முதல் 200 லிட்டர் கொள்ளும். ஆறடி டப் 250 முதல் 350 லிட்டர் வரை போகும். விற்பனைத் தாளில் கொள்ளளவு குறிப்பிடப்படாவிட்டால், டப்பின் உட்புறத்தில் பாதி ஆழத்தில் நீள அகலங்களையும், அடியிலிருந்து வழிவாய் வரை உள்ள உயரத்தையும் செ.மீ. கணக்கில் அளந்து, மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். மூலைகள் வளைந்திருப்பதற்காக அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். இந்த முழு அளவையும் நிரப்பப் போவதில்லை. ஆள் இறங்கினால் அவர் உடல் மூழ்கும் அளவுக்கு நீர் ஏறும், மனித உடலோ ஏறக்குறைய நீரின் அடர்த்தியே உடையது. எனவே கழுத்து வரை மூழ்கும் இருவர் சேர்ந்து 110 லிட்டர் போல இடம் பிடிப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், 320 லிட்டர் டப்பில் 210 லிட்டர் விட்டால் போதும்.

இந்த 210 லிட்டரை எத்தனை நிமிடத்தில் நிரப்புவது என்பதே அடுத்த கேள்வி. குமுளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களின் இரவில் டப்பின் சுவரே குளிர்ந்து கிடக்கும். அங்கே 15 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் ஆறிய நீரைச் சூடாக்க மேலும் வெந்நீர் விட வேண்டியிருக்கும் என்பதால், நான் 15 நிமிடத்தையே எல்லையாக வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் நிமிடத்துக்கு 14 லிட்டர் தேவை. கீழே கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ உள்ள வீடாக இருந்தால் 20 நிமிடம் ஆனாலும் யாரும் குறை சொல்வதில்லை.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் டப் வைப்பதாக இருந்தால், குழாய் வாங்குவதற்கு முன் ஒரு வாளிச் சோதனை செய்யுங்கள். 20 லிட்டர் வாளி ஒன்றை டப் வரப்போகும் இடத்துக்கு அருகில் உள்ள திருகின் கீழ் வைத்து, முழுதாகத் திறந்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 1200-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கான லிட்டர் வரும். 150 விநாடி ஆகிறது என்றால் 8 லிட்டர்தான் வருகிறது. டேங்க் பாதியாக இருக்கும்போதும், பக்கத்துக் குளியலறையில் ஒரு திருகைத் திறந்துவிட்டும் இதே சோதனையை மறுபடி செய்தால் உண்மை நிலவரம் விளங்கும்.

உயரமும் உள்விட்டமும்

லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு மலைச்சாலையில் ஏறுகிறவர்கள், மலைமுகட்டிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி, அந்தக் குழாய்களில் விழுந்துதான் சுழலியைச் சுற்றுகிறது. அங்கே வேலை செய்வது உயரம். அந்த உயரத்தில் நூறில் ஒரு பங்கு போலத்தான் நம் வீட்டு மாடிக்குக் கிடைக்கிறது என்பதை மறந்துவிட்டு, டேங்க் மேலே இருக்கிறது, தண்ணீர் தானாக வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி வீட்டில், மேல்தளக் குளியலறையின் டப் திருகிலிருந்து டேங்கின் அடிமட்டம் வரை அளந்தால் பெரும்பாலும் 3 அல்லது 4 மீட்டர்தான் தேறும். டேங்க் நிரம்பியிருந்தால் இன்னொரு மீட்டர் கூடுதலாக வரும், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் விருந்தினர் குளிக்கும் மாலை நேரத்தில் டேங்க் நிரம்பியிருப்பது அபூர்வம்.

குழாய் வழியாக ஓடும்போது உராய்வினால் இந்த உயரம் கரைகிறது. எவ்வளவு கரையும் என்பதை உள்விட்டமும் நீளமும் ஓடும் வேகமும் முடிவு செய்கின்றன. நீளம் இரண்டு மடங்கானால் இழப்பும் இரண்டு மடங்கு ஆகும், அவ்வளவே. உள்விட்டத்தின் கதை வேறு: விட்டம் ஒன்றரை மடங்கு ஆனாலே, அதே உயரத்தில் வரும் வரத்து ஏறக்குறைய மூன்று மடங்காகும். நாம் வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் சேர்த்துப் பயன்படுத்தும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயில், எஸ்.டி.ஆர். 11 வகையை (இந்த எண் குழாய்ச் சுவரின் தடிமனைக் குறிக்கும்) எடுத்துக்கொண்டால், அரை இஞ்சுக் குழாயின் உள்விட்டம் 12.4 மி.மீ., முக்கால் இஞ்சுக்கு 18 மி.மீ., ஒரு இஞ்சுக்கு 23.4 மி.மீ. இருக்கும். அரை இஞ்ச் என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே அரை இஞ்சுகூட இல்லாத குழாய் அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். உயரம் 4 மீட்டர். குழாயின் நீளம் 20 மீட்டர். எல்போ (வளைவு), டீ (கிளை இணைப்பு), வால்வு ஆகியவற்றின் தடையைக் குழாய் நீளமாக மாற்றி 10 மீட்டர் சேர்த்தால் மொத்தம் 30 மீட்டர். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸரின் தடையை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் கணக்கிட்டால், அரை இஞ்சில் நிமிடத்துக்கு 8 லிட்டரும், முக்கால் இஞ்சில் 22 லிட்டரும், ஒரு இஞ்சில் 43 லிட்டரும் வரும். இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: நமக்கு வேண்டிய 14 லிட்டரை இந்த 30 மீட்டர் வழியே கொண்டுவர அரை இஞ்சுக் குழாய் கிட்டத்தட்ட 11 மீட்டர் உயரத்தை விழுங்கும், முக்கால் இஞ்ச் 1.7 மீட்டரையும், ஒரு இஞ்ச் அரை மீட்டரையும் மட்டுமே எடுத்துக்கொள்ளும். பம்ப் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். குழாயை ஓர் அளவு கூட்டினால் மிச்சமாகும் 9 மீட்டரைத் தருவதற்காகத்தான் அவர்கள் பம்ப் வாங்கி, அதற்கு மின்கட்டணமும் கட்டப் போகிறார்கள்.

வெந்நீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று என இரண்டு குழாய் வருகின்றனவே, ஆளுக்குப் பாதி சுமந்தால் அரை இஞ்ச் போதாதா என்று விவரமான உரிமையாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆளுக்கு 7 லிட்டர் என்றால் அரை இஞ்சில் 3 மீட்டர் கரையும்; நான்கில் மிச்சமுள்ள ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு ஹீட்டர், திரும்பா வால்வு (நீரை ஒரு திசையில் மட்டும் விடுவது), மிக்ஸர் ஆகிய மூன்றையும் கடக்க வேண்டும், அது நடக்காது. பாதிக்குப் பாதி என்ற கணக்கும் நிலையானதன்று. வெயில் நாளில் சோலார் ஹீட்டர் நீர் 75 டிகிரியில் வந்தால் பச்சைத் தண்ணீரின் பங்கு 9 லிட்டராகக் கூடிவிடும். முக்கால் இஞ்சில் 7 லிட்டர் ஓடும்போது இழப்பு அரை மீட்டருக்குள் முடிந்துவிடுவதால், மிக்ஸருக்கு மூன்றரை மீட்டர் மிஞ்சுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: டேங்கிலிருந்து குளியலறை வரை பச்சைத் தண்ணீருக்கு ஒரு இஞ்ச், அங்கிருந்து டப் மிக்ஸர் வரை முக்கால் இஞ்ச், வெந்நீருக்கு ஹீட்டரிலிருந்து மிக்ஸர் வரை முக்கால் இஞ்ச். ஒரே இறக்கத்தில் (டேங்கிலிருந்து இறங்கும் குழாயில்) இரண்டு டப் இருந்தால் பொதுவான பகுதியை ஒன்றேகால் இஞ்சாக்க வேண்டும். டப் உள்ள அறைக்கு டேங்கிலிருந்தே தனி இறக்கம் கொடுப்பது இதைவிட மேல். வாய்க்காலில் தலைமடைக்காரன் திறந்தால் கடைமடை காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: நான்கு அறைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் டப்புக்கு வரும் குழாய் எந்த அளவில் இருந்தாலும் கடைமடைதான்.

பெரிதாகப் போட்டால் நல்லது என்று வெந்நீர்க் குழாயையும் ஒரு இஞ்சாக்கிவிட வேண்டாம். 20 மீட்டர் ஒரு இஞ்சுக் குழாய்க்குள் எட்டரை லிட்டருக்கு மேல் நீர் நிற்கும், முக்கால் இஞ்சில் 5 லிட்டர்தான். காலையில் முகம் கழுவ நினைப்பவர் அந்த ஆறிய நீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டுத்தான் சூட்டைக் காண்பார்.

எல்லைக்கு இருபுறமும் ஒரே எண், வேறு அளவு

அரை, முக்கால் என்பன தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள் என்பதால் வாய்ப்பேச்சில் தவறு வருவதில்லை. தாளில் மி.மீ. என்று எழுதும்போதுதான் வருகிறது. ஐ.எஸ். 4985 என்ற இந்தியத் தரத்தில் வரும் பி.வி.சி. (யு.பி.வி.சி.) குழாய்களுக்கு எண் வெளிவிட்டத்தைக் குறிக்கும். அங்கே 25 மி.மீ. என்பது முக்கால் இஞ்ச், 32 மி.மீ. என்பது ஒரு இஞ்ச். ஐ.எஸ். 15778 தரத்தில் வரும் சி.பி.வி.சி. குழாய்களுக்கு எண் வெறும் பெயரளவு. அங்கே 20 மி.மீ. என்பது முக்கால் இஞ்ச், 25 மி.மீ. என்பது ஒரு இஞ்ச். வரைபடம் போட்டவர் ஒன்றை மனத்தில் வைத்து 25 என்று எழுத, கடைக்காரர் மற்றொன்றை எடுத்துக் கொடுக்க, ஓர் அளவு குறைந்துபோகும். கம்பத்தில் வாங்கினாலும் கட்டப்பனையில் வாங்கினாலும், எண்ணோடு எந்த வகைக் குழாய் என்பதையும் இஞ்சையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். யு.பி.வி.சி. குழாயை வெந்நீருக்குப் பயன்படுத்தவே கூடாது, அதுவும் சோலாரிலிருந்து வரும் நீர் அதை வளைத்துவிடும்.

தொண்டை எங்கே அடைக்கிறது

முக்கால் இஞ்ச் போட்டும் வரத்து வரவில்லை என்ற புகார் வரும் இடங்களில், வழியில் எங்காவது ஒரு குறுகிய தொண்டை இருப்பதைக் காணலாம். முதல் சந்தேகம், மிக்ஸரோடு இணைக்கும் கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ் மீதுதான் விழ வேண்டும். இரு முனையிலும் அரை இஞ்ச் நட்டு இருப்பதால் உள்ளேயும் அரை இஞ்ச் என்று நினைக்கிறோம். முனையைக் கழற்றி உள்ளே பார்த்தால் 8 மி.மீ. துவாரம்தான் இருக்கும். பேசினுக்கு அது போதும், டப்புக்குப் போதாது. டப்பின் விளிம்பில் பொருத்தும் மிக்ஸராக இருந்தால் முக்கால் இஞ்ச் பெரிய துவார ஹோஸ் கேட்டு வாங்க வேண்டும், அல்லது குழாயையே மிக்ஸர் வரை கொண்டுபோய் யூனியன் (கழற்றக்கூடிய இணைப்பு) போட்டு முடிக்க வேண்டும்.

இரண்டாவது, சுவருக்குள் புதைக்கும் ஸ்டாப் காக். அதற்குள் நீர் இருமுறை திரும்பி, ஒரு சிறு வாஷரின் கீழ் நுழைந்து வருவதால், முக்கால் இஞ்ச் அளவில் அந்த ஒரு வால்வு 6, 7 மீட்டர் குழாய்க்குச் சமமான தடையைத் தரும். அதே அளவுள்ள எல்போ அரை மீட்டர் சொச்சம்தான் தரும். டப் வழியில் முழுத் துவாரமுள்ள பால் வால்வு (உள்ளே துளையிட்ட பந்து திரும்பித் திறக்கும் வகை) போட்டால் இந்த இழப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும். அழகான கைப்பிடி இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்காக, அதை டப்பின் பக்கவாட்டுக் கதவுக்குள் மறைத்து வைக்கலாம்.

மிக்ஸரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் தாளில் எந்த அழுத்தத்தில் எத்தனை லிட்டர் என்று இருக்கும் வரைகோட்டைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான வெளிநாட்டு வடிவ மிக்ஸர்கள் 3 கிலோ அழுத்தத்துக்கு அளக்கப்பட்டவை. அதில் 25 லிட்டர் என்று எழுதியிருந்தால், நம் டேங்கின் 0.3 கிலோவில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே, 8 லிட்டர் போல, வரும். வரத்து அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடிக் குறைகிறது என்பதே காரணம். டேங்க் நீரில் இயங்கும் வீட்டுக்கு, வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் தனித்தனித் திருகு வைத்த, உள்ளே அகலமான பழைய வகை மிக்ஸரே இன்றும் சிறந்தது. வாயில் நீரோடு காற்றைக் கலக்கும் நுரை வலை இருந்தால் டப் மிக்ஸரிலிருந்து அதைக் கழற்றிவிடலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்புப் படிந்து அது எப்படியும் ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்ளும்.

வேலை செய்பவர் கையாலும் தொண்டை அடைக்கும். குழாயை அறுத்த பிசிறை எடுக்காமல், குழாய் ஒட்டும் சால்வென்ட் சிமெண்டை உட்புறம் வழிய வழியப் பூசிச் செருகினால், ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளே ஒரு வளையம் இறுகி நிற்கும். சிமெண்டைக் குழாயின் வெளிப்புறத்தில் தாராளமாகவும், ஃபிட்டிங்கின் உட்புறத்தில் மெல்லியதாகவும் பூச வேண்டும்.

வெந்நீர்

வரத்தைச் சரிசெய்துவிட்டு 25 லிட்டர் கீசரை மாட்டிவைத்திருக்கும் வீடுகள் அநேகம். டேங்க் நீர் 20 டிகிரி, கீசர் நீர் 60 டிகிரி, டப்பில் வேண்டியது 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சரிபாதி வெந்நீர் வேண்டும்: 210-க்கு 105 லிட்டர். 25 லிட்டர் கீசர் டப்பில் கால்வாசியை நிரப்பிவிட்டுக் கைவிரிக்கும். சேமிப்பு ஹீட்டரில் மேலிருந்து வெந்நீர் போகப் போக அடியில் பச்சைத் தண்ணீர் நுழைவதால், அதன் கொள்ளளவில் முக்கால் பங்குக்கு மேல் நல்ல சூட்டில் கிடைக்காது. ஆகவே 105 லிட்டருக்கு 150 லிட்டர் ஹீட்டர் தேவை. 105 லிட்டரை 40 டிகிரி ஏற்ற 4.9 யூனிட் மின்சாரம் செலவாகும். 2 கிலோவாட் சுருளாக இருந்தால் இரண்டரை மணி நேரம். விருந்தினர் வந்து இறங்கிய பிறகு சுவிட்சைப் போடுவது வீண்.

உடனடி ஹீட்டர் இதற்கு உதவாது. 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் 20 டிகிரி ஏற்றி நிமிடத்துக்கு 2 லிட்டர் சொச்சம்தான் தரும். 14 லிட்டர் வேண்டுமானால் 20 கிலோவாட் கிட்ட வேண்டும், அதைத் தாங்கும் மின் இணைப்பு வீடுகளில் கிடையாது. சிறிய கேஸ் கீசர் நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் தரும், டப் நிரம்ப அரை மணி நேரம் ஆகும். அதைப் போடுவதாக இருந்தால் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் போட வேண்டும். மூடிய குளியலறைக்குள் கேஸ் கீசர் எரியும்போது சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, ஆளைக் கொன்றுவிடும். குமுளி போன்ற ஊரில் மழைக்காலத்துக்காக மின் சுருளும் சேர்ந்த 200 லிட்டர் சோலார் பொருத்தமானது.

வெந்நீர்க் குழாய் நீளும் என்பதையும் மறக்கலாகாது. 10 மீட்டர் சி.பி.வி.சி. குழாய் 40 டிகிரி சூடேறினால் 25 மி.மீ. அளவுக்கு நீளும். இரு முனையையும் சுவரின் சிமெண்டுப் பூச்சில் இறுக்கிவிட்டால் எங்கோ ஒரு எல்போ விரிசல் விடும். நேர் ஓட்டத்தில் ஒரு வளைவு கொடுத்து, கிளாம்பைத் தளர்வாக வைத்தால் அது தப்பும்.

பம்ப் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

மேல்தளத்துக்கு நேர் மேலேயே டேங்க் உட்கார்ந்து உயரம் இரண்டு மீட்டருக்கும் குறைவாக இருக்கும் வீடுகளில், குழாயைப் பெரிதாக்கியும் போதாமல் பம்ப் வைக்க வேண்டி வரும். பெட்டியில் அதிகபட்ச உயரம் என்று எழுதியிருப்பது ஒரு சொட்டும் ஓடாத நிலையில் கிடைப்பது, அதிகபட்ச வரத்து என்பது உயரமே இல்லாத நிலையில் கிடைப்பது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. 10 மீட்டர் உயரத்தில் நிமிடத்துக்கு 20 முதல் 25 லிட்டர் தருமா என்பதை வரைகோட்டில் பார்த்து வாங்க வேண்டும். உறிஞ்சும் பக்கக் குழாய் வெளியேற்றும் பக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும்.

இதில் நானே ஒரு முறை பெரும் பிழை செய்திருக்கிறேன். வண்டிப்பெரியாறு போகும் சாலையில் ஒரு விடுதியில், கண்ணாடிக் குழல் சோலாரிலிருந்து வெந்நீர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. வரத்து குறைவு என்றதால் பச்சைத் தண்ணீர்க் குழாயில் மட்டும் பம்ப் மாட்டிவிட்டு வந்தேன். அன்றிரவு விருந்தினர் மிக்ஸரின் இரண்டு திருகையும் திறந்துவைத்தபடி, கைஷவரின் விசையை மட்டும் மூடிவிட்டுத் தூங்கிவிட்டார். பம்ப் தள்ளிய பச்சைத் தண்ணீர் மிக்ஸருக்குள் திரும்பி, வெந்நீர்க் குழாய் வழியே மேலேறி, சோலார் தொட்டியை நிரப்பி, அதன் காற்றுக் குழாய் வழியாக விடிய விடியக் கூரையில் கொட்டியிருக்கிறது. காலையில் டேங்கும் காலி, வெந்நீரும் காலி. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே அழுத்தத்தில் மிக்ஸரை அடைய வேண்டும் என்பதையும், மிக்ஸருக்கு முன்னால் இரு குழாயிலும் திரும்பா வால்வு வேண்டும் என்பதையும் அன்றிலிருந்து எந்த வேலையிலும் விட்டதில்லை. டேங்க் உயரத்தில் மட்டும் இயங்கும் குழாயில் ஸ்பிரிங் வைத்த திரும்பா வால்வு இருக்கிற அழுத்தத்தையும் தின்றுவிடும், அங்கே தொங்கு தகடு வகை நல்லது. காற்றுக் குழாய் வைத்த அழுத்தம் தாங்காத சோலாருக்கு முன்னால் பம்ப் வைக்கக் கூடாது. வெந்நீருக்கும் பம்ப் வேண்டுமானால் சோலாரைத் தாண்டிய பிறகு, வெந்நீர் தாங்கும் தனிப் பம்ப் வைக்கலாம்.

கைஷவரைப் பற்றி இன்னொன்று. அது டப் நீருக்குள் விழுந்து கிடக்கும்போது டேங்க் காலியானால், அழுக்கு நீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தடுப்பதும் அதே திரும்பா வால்வுதான். டப்பில் நீர் விழும் வாயின் முனை, டப்பின் விளிம்புக்கு மேல் குறைந்தது ஒரு இஞ்ச் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதற்காகவே.

வெளியேறும் வழி

வரும் வழியைப் பெரிதாக்கியவர்கள் போகும் வழியை மறந்துவிடக் கூடாது. டப்பின் கழிவு வாய் ஒன்றரை இஞ்சுக்குக் குறையாமலும், அதைத் தொடரும் குழாய் இரண்டு இஞ்சிலும், மீட்டருக்கு 2 செ.மீ. சரிவிலும் இருக்க வேண்டும். அடைப்பானை எடுத்தவுடன் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் பாயும் என்பதால், அதைத் தரையில் உள்ள சிறிய நானி டிராப்பில் (குளியலறைத் தரை நீர் வடியும் வாயில்) சேர்த்தால் நீர் மேலே பொங்கிக் குளியலறை முழுவதும் நிற்கும். தனி டிராப் வைத்து மூன்று இஞ்சுக் கழிவுக் குழாயில் சேர்ப்பதே சரி. டிராப்பை எட்டும்படி டப்பின் பக்கச் சுவரில் கழற்றக்கூடிய பலகை வையுங்கள். டைல்ஸ் ஒட்டி மூடிவிடும் பழக்கம் ஒருநாள் சுத்தியலில்தான் முடியும்.

நிரம்பிய டப்பும் இருவரும் சேர்ந்தால் அரை டன் கிட்ட வரும். குளியலறைத் தளத்துக்கு வழக்கமாகக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ போல இருக்க, ஆறடி டப்பின் கீழ் அது 300 கிலோவைத் தொடும். பழைய வார்ப்பாக இருந்தால் கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் டப்பை மேலேற்ற வேண்டாம்.

பூசுவதற்கு முன் எல்லாத் திருகு முனைகளையும் அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு சுவரை மூடலாம். டப்பைப் பொருத்திய பின் செய்யும் கடைசிச் சோதனை வழிவாய்க்கானது. டப்பை வழிவாய் மட்டம் வரை நிரப்பி, இரண்டு திருகையும் முழுதாகத் திறந்தபடியே பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். நாம் வரத்தை 22 லிட்டராக உயர்த்தியிருக்கும்போது, அரை இஞ்சுக் காலத்தில் வடிவமைத்த சிறிய வழிவாய் அவ்வளவையும் வாங்குமா என்பது அப்போதுதான் தெரியும். நீர்மட்டம் ஏறிக்கொண்டே போனால் பால் வால்வை அது நிற்கும் அளவுக்குத் திருகி, அந்த நிலையில் கைப்பிடியில் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். இடையில் ஒருவரைக் கீழ்த்தளத்து அறைக்கு அனுப்பி, கூரையில் ஈரம் தட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.